அனாமத்துக் கணக்கில் ஓர் ஐயம்

பட்டயக் கணக்காளர் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், ஒரு தொகுதியின் தாள்கள் அனைத்திலும் சேர்த்து 50 விழுக்காடும் பெற்றாக வேண்டும் என்பதால், எந்தத் தாளிலும் தவறாத ஒருவர்கூட மொத்தத்தில் சில மதிப்பெண் குறைந்து தோல்வியுற நேர்கிறது. கணக்கியல் மாணவரிடம் தன் திறமையைப் பற்றிய ஐயம் வேரூன்றுவதற்கு அறியாமையைவிட இவ்விதியே பெரிய காரணம் எனலாம்.

பற்று, வரவு ஆகிய இருபக்கத் தொகைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் பட்டியலான இருப்பாய்வு பொருந்தாதபோது, வேறுபாட்டைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் நிறுத்திவிட்டு, பிழையைத் தேடிக்கொண்டே வேலையைத் தொடர்வது கணக்கர் வழக்கம். தன்மீதான ஐயத்தையும் அவ்வாறு நிறுத்திவைக்கலாம் என்பதை, விந்தையாக, எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

தடை குறுக்கிட்டாலும் நிற்காமல் வேலையைத் தொடர்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று மீண்ட சென்னையின் ஆர். சிவபோகம், 1933இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி, இந்தியாவில் அத்தகுதி பெற்ற முதல் பெண்ணானார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவுசெய்ய இயலாது என்னும் தடை குறுக்கிட்டபோது, நீதிமன்றத்தில் வழக்காடி வென்று, 1937இல் தனியே தொழில் தொடங்கினார். 1955இல் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் ஆனார்.