எவர்சில்வர் பீப்பாய்

லீல் நகரத்தில் இருக்கும் என் மாப்பிள்ளை வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். வீட்டுச் செலவுக்குக் காய்ச்சிக்கொள்ள பிரான்சில் தடையில்லை. புதுவையில் கலால் துறைக் கோப்புகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த எனக்கு, உரிமம் ஏதுமில்லாமல் ஒருவர் அடுப்பில் பீர் வைப்பதைப் பார்க்க முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. நான் குடிப்பது அரை கிளாஸ்தான். ஆனால் அங்கே போனால் வேலையில் பாதி என்னுடையது.

அந்தப் பாதி, பாட்டில் கழுவுவது. ஒரு தடவை காய்ச்சினால் 20 லிட்டர். 33 சென்டிலிட்டர் பாட்டிலில் ஊற்றினால் 60 பாட்டில். ஒவ்வொன்றையும் பிரஷ் விட்டுத் தேய்த்து, கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் அலசி, கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு பீரில் லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை கலந்து, ஊற்றி, மூடி போட்டு இரண்டு வாரம் வைப்பார். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். வெளியே போக வழியில்லாததால் வாயு பீரிலேயே கரையும். நுரை வருவது அப்படித்தான். சர்க்கரை கூடினாலோ, நொதித்து முடியுமுன் அடைத்தாலோ பாட்டில் வெடிக்கும். ஒரு கோடையில் நடு ராத்திரி நிலவறையில் இரண்டு வெடித்து, என் மகள் போலீசுக்குப் போன் போடப் போய்விட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் லூயி பஸ்தேர் என்றால் வெறிநாய்க்கடி ஊசி மட்டும்தான். அவர் 1876-ல் பீரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார் என்பதை மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1870 யுத்தத்தில் தோற்ற ஆத்திரத்தில், ஜெர்மன்காரனைவிட நல்ல பீர் செய்து காட்ட வேண்டும் என்று இறங்கினாராம் மனுஷர்.

போன வருஷம் மாப்பிள்ளைக்குத் தோளில் ஆபரேஷன். மூடி அழுத்தும் கருவியை 60 தடவை அழுத்த அவரால் முடியவில்லை. "காய்ச்சறத விட்டுடலாம்னு இருக்கேன் மாமா" என்று போனில் சொன்னார். வேறு பொழுதுபோக்கு இல்லாதவர். "அவர் முகமே சரியில்லப்பா" என்றாள் மகள். கடைசியில் அவளே பழைய பீப்பாய் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

பீப்பாய் என்றதும் மரத்தில் நினைக்காதீர்கள். இது எவர்சில்வர், முழங்கால் உயரம், 19 லிட்டர் பிடிக்கும். பெப்சி, கோக் கம்பெனிகள் ஓட்டல்களுக்குச் சர்பத் அனுப்பிய பாத்திரம். அவர்கள் அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பைக்கு மாறியதும் பழைய பீப்பாய்கள் எல்லாம் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கைக்கு வந்தன. மேலே இரண்டு முனை: ஒன்றில் வாயு உள்ளே போகும், மற்றதில் பீர் வெளியே வரும். சர்க்கரை வேண்டாம். பிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்து, சிலிண்டரிலிருந்து 0.8 பார் அழுத்தத்தில் வாயுவைத் திறந்துவிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் பீர் தயார். அவசரமென்றால் அழுத்தத்தைக் கூட்டிப் பீப்பாயை மடியில் போட்டு உருட்டுகிறார்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்து கோலி சோடாக் கடையில் பாட்டில்களை மரப்பெட்டியில் மாட்டி, வாயு ஏற்றி, கைப்பிடியால் சுற்றுவார்களே, அதேதான். சுற்றச் சுற்ற வாயு சீக்கிரம் கரையும். "இது நம்ம சோடா மெஷின் மாப்பிள்ளை" என்றேன்.

குமாஸ்தா கணக்குப் போட்டால் கட்டாது. சிலிண்டர், அழுத்தமானி, தனி பிரிட்ஜ், குழாய் எல்லாம் சேர்ந்து எத்தனையோ வருஷத்து பாட்டில் மூடி விலை. இணைப்பில் கசிந்தால் ராத்திரியோடு சிலிண்டர் காலி. சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் நீளம் குறைந்தால் கிளாஸ் முழுக்க நுரைதான். ஆனாலும் அடியில் மண்டி இல்லை. என் அரை கிளாசுக்காக ஒரு முழு பாட்டிலைத் திறக்கவும் வேண்டாம்.

இந்த வருஷம் நான் போயிருந்தபோது பீரைப் பீப்பாய்க்கு மாற்ற இருபது நிமிஷம்தான் ஆனது. "நீங்க உக்காருங்க மாமா" என்றார். உட்கார்ந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். சாப்பாட்டு மேஜையில் இரண்டு வார்த்தை வந்தால் அதிகம். பாட்டில் கழுவும் தொட்டியருகேதான் பேசுவார், அதுவும் முகத்தைப் பார்க்காமல். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா. அவர் கடைசி நாட்களில் பிரெஞ்சை அடியோடு மறந்து, வில்லியனூர்த் தமிழில் மட்டும் அம்மாவைத் தேடியதை, ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு இவர் மொழிபெயர்த்துச் சொன்னதை, அந்தத் தொட்டியருகேதான் என்னிடம் சொன்னார். என் மகளுக்கே அது தெரியாது.

காய்ச்சுவது 20, பீப்பாய் பிடிப்பது 19. மிச்சம் ஒரு லிட்டரைக் கொட்டப் போனார். "பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எப்பவும் குடுப்பீங்களே, பீப்பாயைத் தூக்கிட்டுப் போக முடியுமா?" என்று கேட்டு, மூன்று பாட்டில் எடுத்துக் கழுவினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்று துடைத்துக் கொடுத்தார். மூடியை நான் அழுத்தினேன்.

நான் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு மறுபடி காய்ச்சியதை மாற்றினார். இந்தத் தடவை 23 லிட்டர். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"மாமா, பன்னிரண்டு பாட்டில் இருக்கு. வரீங்களா?" என்றார்.