கோத்தகிரியில் கேட்ட குரல்

ஊட்டி, குன்னூர் எல்லாருக்கும் தெரியும். கோத்தகிரி என்றால், "அங்கே என்ன இருக்கு?" என்பார்கள். அம்பத்தூரில் தொழிற்பேட்டை லாரிச் சத்தத்திலேயே பழகிப்போன எனக்கு அங்கிருக்கும் அமைதி ஒன்றே போதும் சகோதரிகளே!

எங்கள் ஊரைத் தாண்டித்தான் நீலகிரி எக்ஸ்பிரஸ் தினமும் இரவில் ஓடுகிறது. சென்ட்ரலில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 33 கிலோமீட்டர் மலைப்பாதை. வளைவுகளில் தலை சுற்றும். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

ஊரைச் சுற்றிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை. பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். நாலைந்து கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ டீத்தூள் ஆகுமாம்.

பாதையோரம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கண்டிப் பக்கம் பிறந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, பிறகு இந்தியாவுக்கு வந்த லட்சக்கணக்கானவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது.

"அங்கே எங்களை இந்தியாக்காரின்னாங்க. இங்கே வந்தா சிலோன்காரின்னாங்க. பேத்தி காலேஜ் படிக்கிறா. அவளையாவது இந்த ஊர்க்காரின்னு சொல்லட்டும்மா" என்றார், கை நிற்காமல்.

கோத்தகிரி போனால், கோடநாடு காட்சிமுனையைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். இவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.