இடம் கிடைத்தாயிற்று, கணக்கு வரவில்லை

ஏப்ரல் பிறந்துவிட்டால் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடத்தில் மனம் நிற்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு இளங்கலை வளாகங்கள் 9 உண்டு. அங்கே மூன்றாம் ஆண்டில் சேர விண்ணப்பித்த இவர்களுக்கு அவை ஒரே நாளில் முடிவு சொல்வதில்லை. மாதம் முடிவதற்குள் ஒவ்வொன்றும் தனக்கு வசதிப்பட்ட நாளில் சொல்லும். டேவிஸ் சொல்லிவிட்டதாம், இர்வைன் நாளைக்காம், பெர்க்லி பற்றி மூச்சே இல்லையாம் என்று கான்டீனில் இதே பேச்சு. விண்ணப்பம் போட்டது முந்தைய நவம்பரில். ஜனவரியில் புதிய மதிப்பெண்களை விண்ணப்பத் தளத்தில் சேர்த்து, அடுத்த பருவத்தில் என்னென்ன படிக்கப் போகிறார்கள் என்றும் எழுதிக் கொடுத்தாயிற்று. அப்படி எழுதிக் கொடுத்த பாடங்களில் கோட்டை விட்டால் கிடைத்த இடமும் ரத்தாகலாம். ஆகவே கிடைக்குமா என்றே தெரியாத ஓர் இடத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பரீட்சைக்குப் படித்தபடி காத்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1960-இல் அந்த மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில் இருக்கிறது. பள்ளியில் முன்னணியில் நின்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம். மற்றபடி யார் வந்தாலும் கம்யூனிட்டி காலேஜின் கதவு திறந்திருக்கும். அங்கே இரண்டு ஆண்டு ஒழுங்காகப் படித்தவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். புதுமுக மாணவர் இருவருக்கு, இப்படி நடுவில் வந்து சேரும் டிரான்ஸ்ஃபர் மாணவர் ஒருவர் என்பது பல்கலைக்கழகம் தனக்கு வைத்துக்கொண்ட அளவு. பணக் கணக்கும் இந்த வழிக்கே சாதகம். கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுக்கு 60 யூனிட் என்றால் 2,760 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்திலோ கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 ஆயிரம் டாலர். வளாக விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் 40 ஆயிரத்தைத் தாண்டிவிடும். காசை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்த வழியில் நிறைய வருகிறார்கள். ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள், குழந்தையை வளர்த்துக்கொண்டே படிக்கும் தாய்மார்கள், பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் இவர்களில் உண்டு.

எல்லாப் பல்கலைக்கழகமும் இவர்களுக்கு இப்படி வாசல் திறந்து வைத்ததில்லை. பிரின்ஸ்டன் 1990-இலிருந்து டிரான்ஸ்ஃபர் மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்தி வைத்திருந்தது. 2018-இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் 1,429 பேர். இடம் கொடுத்தது 13 பேருக்கு.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இவர்கள் எதிர்பார்ப்பது ஒரே ஒரு பதில் என்று தோன்றும். உண்மையில் மூன்று பதில்கள் வர வேண்டும். இடம் உண்டா? படித்து முடித்த பாடங்களில் எத்தனை அங்கே செல்லும்? பணம் எவ்வளவு தருவார்கள்? மூன்றும் கைக்கு வந்தால்தான் ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடியும். ஆனால் முதல் பதில் ஒரு மாதத்தில் வருகிறது, மற்ற இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வெவ்வேறு நாட்களில் வருகின்றன. சில சமயம் முன்பணம் கட்டும் கெடு போன பிறகும் வருகின்றன. இந்த அநியாயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் பணம். நிதியுதவிக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால் மேலே 'வாழ்த்துகள்' என்று இருக்கும். அதன் கீழே பெல் கிராண்ட். ரோட் ஐலண்டின் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரால் மத்திய அரசு தரும் இந்த உதவித்தொகைக்கு 2024–25 கல்வியாண்டில் உச்சவரம்பு 7,395 டாலர்; திருப்பித் தர வேண்டாம். அடுத்து மாநில அரசின் கால் கிராண்ட், பல்கலைக்கழகத்தின் சொந்த உதவி. அதற்கும் கீழே, அதே எழுத்தில், அதே பத்தியில், மாணவர் பெயரில் அரசுக் கடன். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஆண்டுக்கு 7,500 டாலர் வரை வாங்கலாம். பிறகு வளாக வேலை என்று ஒரு தொகை. அதை மாணவர் நூலகத்திலோ உணவகத்திலோ உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி அடியில் 'மொத்த உதவி' என்று போட்டிருப்பார்கள். கல்யாண மொய் நோட்டில், வட்டிக்கு வாங்கிய பணத்தையும் வரவாக எழுதியதுபோல இருக்கும்.

இது ஏதோ ஓரிரு கல்லூரியின் பழக்கம் என்று விட்டுவிட முடியாது. 2018-இல் நியூ அமெரிக்கா, யுஆஸ்பயர் என்ற இரு அமைப்புகள் இத்தகைய கடிதங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி ஆராய்ந்தன. ஒரே வகை அரசுக் கடனை 455 கல்லூரிகள் 136 விதமான பெயர்களில் எழுதியிருந்தன. அவற்றில் 24 பெயர்களில் கடன் என்ற சொல்லே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் அலுவலகம் 2022-இல் இன்னும் கடுமையாகச் சொன்னது: மாணவர் உண்மையில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை 91 சதவீதக் கல்லூரிகள் கடிதத்தில் சொல்வதே இல்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன. இருபது வயதுப் பிள்ளையும் ஆங்கிலக் கடிதங்களோடு மல்லுக்கட்டும் பெற்றோரும் இதை வைத்துக்கொண்டா இரண்டு கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்?

இந்த நிதியுதவித் தொகையும் எந்த வருமானத்தை வைத்துப் போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஃபாஃப்சா என்கிற மத்திய அரசு விண்ணப்பம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கைத்தான் கேட்கும். 2024-இல் சேர்கிறவருக்கு 2022-இன் வருமானம். 2023-இல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வெளியே அனுப்பியபோது வேலை இழந்த தகப்பனின் வருமானம், காகிதத்தில் இன்னும் முழுச் சம்பளமாகவே இருக்கும். இதைத் திருத்தச் சட்டத்தில் வழி உண்டு. வேலை போனதற்கான கடிதத்தோடு நிதியுதவி அலுவலகத்தில் மேல்முறையீடு செய்தால், அதிகாரி தம் பொறுப்பில் கணக்கை மாற்றிப் போடலாம். ஆனால் அதற்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெற்றோர் கைவிட்ட பிள்ளைகள் பாடு இன்னும் சிரமம்: 24 வயது ஆகாத, மணமாகாத மாணவர், வேறு விலக்கு இல்லாவிட்டால், பெற்றோரின் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும்.

2024-இல் இந்தக் காத்திருப்பு நாட்டையே உலுக்கியது. ஃபாஃப்சாவை எளிமையாக்கப் போகிறோம் என்று புதிய படிவம் தயாரித்தார்கள், நல்ல நோக்கம்தான். வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும் படிவம் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத மாணவர்கள் வாரக்கணக்கில் படிவத்தை முடிக்கவே முடியவில்லை. விவரங்கள் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கியபோது மார்ச் ஆகிவிட்டது. புதுமுக மாணவர்கள் வருகிறோம் என்று உறுதி சொல்ல வேண்டிய மே 1 கெடுவைப் பல கல்லூரிகள் மே 15 என்றும் ஜூன் 1 என்றும் தள்ளி வைத்தன. வசதியுள்ள வீட்டில் இது ஒரு தொந்தரவு. பெல் கிராண்ட் இல்லாமல் படிக்க முடியாத வீட்டில், சேருவதா வேண்டாமா என்ற கேள்வியே அந்தரத்தில் நின்றது.

அடுத்தது பாடக் கணக்கு. பணத்தைவிட இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இழப்போ இதில்தான் சத்தமில்லாமல் நடக்கிறது. கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்களை இழக்கிறார்கள் என்று அதே தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. கலிஃபோர்னியாவுக்குள் மாறுகிறவர்களுக்கு அசிஸ்ட் என்ற பொதுத் தளம் இருக்கிறது. எந்தக் காலேஜின் எந்தக் கணிதப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்று அதில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. தனியார் பல்கலைக்கழகத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ போகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. இடம் கிடைத்து, முன்பணம் கட்டி, கோடையில் ஆலோசகரைப் பார்க்கும்போதுதான் இயற்பியல் பாடம் செல்லாது, மறுபடி படிக்க வேண்டும் என்று தெரியவரும். மறுபடி படிப்பதால் படிப்பு ஒரு பருவம் நீண்டால் அதற்குரிய கட்டணமும் வாடகையும் கூடும். அந்த மாதங்களின் சம்பளமும் போகும். பெல் கிராண்டும் வாழ்நாளில் 12 முழுப் பருவங்களுக்குத்தான். கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறவர்களில் 100-க்கு 80 பேர் இளங்கலைப் பட்டம் வாங்க வேண்டும் என்று நினைத்தே சேர்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் வாங்கி முடிப்பவர்கள் ஏறத்தாழ 16 பேர்.

கூப்பர்டினோவின் டி ஆன்சா, ஃபிரீமாண்டின் ஓலோனி போன்ற காலேஜ்களில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அப்பாவோ அம்மாவோ எச்-1பி வேலை விசாவில் இருந்தால் பிள்ளைக்கு எச்-4. அந்த விசாவில் பெல் கிராண்டும் கிடையாது, மத்திய அரசுக் கடனும் கிடையாது. 21 வயது நிறைந்தால் பெற்றோரின் விசாவோடு ஒட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. மாணவர் விசாவுக்கோ வேறொன்றுக்கோ மாற வேண்டும். மூன்றாம் ஆண்டில் சேரும் வயதும் ஏறக்குறைய அதுதான். கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்கு எவ்வளவு நீளம் என்று அந்த வீடுகளுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தின் பதிலோடு குடிவரவு அலுவலகத்தின் பதிலுக்கும் சேர்த்துக் காத்திருக்கிறார்கள்.

ஜூன் 1 நெருங்கும்போது எல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றவர்கள் அன்றைக்குள் வருகிறோம் என்று சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகமான யுஎஸ்சி தன் டிரான்ஸ்ஃபர் முடிவுகளைச் சொல்வது மே மாத இறுதியில். சிலரிடம் வசந்த பருவ மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று இன்னும் தள்ளிப் போடுவதும் உண்டு. அதன் நிதியுதவிக் கணக்கு அதற்கும் பிறகு வந்தால், மாணவர் ஓர் இடத்தில் முன்பணத்தைக் கட்டிவிட்டு இன்னோர் இடத்தின் கடிதத்துக்குக் காத்திருப்பார். இரண்டு முன்பணம் கட்டி ஒன்றை இழக்கத் தயங்காத வீட்டுக்கு இது பெரிய விஷயமே இல்லை. தயங்குகிற வீடு, முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்கிறது. திறமைக்குத் தரும் உதவித்தொகைகளும் பல தனியார் கல்லூரிகளில் புதுமுக மாணவர்களுக்கே அதிகம். நடுவில் வருகிறவருக்கு மிஞ்சுவது சொற்பம்.

முன்கூட்டிச் சொல்வது முடியாத காரியம் இல்லை. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குச் சேர்க்கை உத்தரவாதம் தருகின்றன. செப்டம்பரில் மனுப் போட்டு, குறித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டினால் அவற்றில் ஏதேனும் ஒன்றில் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ மூன்றும் இதில் சேரவில்லை. இடத்தை இவ்வளவு முன்னதாக உறுதி செய்ய முடிகிற நிர்வாகங்களால், ஏப்ரலில் சேர்க்கைக் கடிதம் அனுப்பும்போது எந்தெந்தப் பாடம் செல்லும் என்ற பட்டியலையும் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையையும் கூடவே அனுப்ப முடியாதா? ஆள் பற்றாக்குறை என்றால் ஆள் போடட்டும். அந்தச் செலவை இப்போது மாணவர்கள் சுமக்கிறார்கள்.

அதுவரை மாணவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடனையும் வளாக வேலையையும் கழித்துவிட்டு இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து என்ன கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். இந்த ஆண்டு தரும் உதவி அடுத்த ஆண்டும் தொடருமா, எந்த நிபந்தனையில் தொடரும் என்று கேட்கலாம். கணக்கு வரவில்லையானால் முன்பணக் கெடுவைத் தள்ளி வைக்கும்படியும் கேட்கலாம். சில கல்லூரிகள் தருகின்றன. ஆனால் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு, இப்படியெல்லாம் கேட்கலாம் என்று எடுத்துச் சொல்ல வீட்டில் யாரும் இருப்பதில்லை. 'வாழ்த்துகள்' என்று அச்சிடும் அதே கடிதத்தில், கெடு நீட்டிப்புக் கேட்க யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று ஒரு வரியையும் கல்லூரிகள் சேர்க்க வேண்டும்.