லாரா விழும் சத்தம்

உயரத்திலிருந்து தவறினால் லாரா கிராஃப்ட் அலறிக்கொண்டே போவாள். கடைசியில் எலும்பு நொறுங்கும் சத்தம். அவள் நாயகியாக வரும் ‘டூம் ரெய்டர்’ வீடியோ விளையாட்டை ஆடுகிற யாரும் அதை நின்று கேட்பதில்லை. கை அதற்குள் பழைய ‘சேவ்’ கோப்பைத் தேடிப் போயிருக்கும். பெகி அவெஷின் ‘ஷீ பப்பெட்’ படத்தைப் பார்த்தபோதுதான் அதை முழுசாகக் கேட்டேன்.

சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் அண்ணன் ஆடுவான், பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான் வழி சொல்வேன். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நடந்தால் விளிம்பில் நின்றுவிடுவாள், விழமாட்டாள். அந்தப் பொறுமை அண்ணனுக்குக் கிடையாது. ஓடுவான், சுவரில் மோதுவான், லாரா முனகுவாள்.

அந்த முனகலைத்தான் அவெஷ் பிடித்துக்கொண்டார். அமெரிக்கர், பரிசோதனைப் படங்கள் எடுப்பவர். மாதக்கணக்கில் ஆடிப் பதிவுசெய்ததை வெட்டி ஒட்டி, 2001-ல் 15 நிமிடப் படமாக்கினார். புதையல் தேடும் கதையே இல்லை. ஆளற்ற மண்டபங்களில் லாரா அலைகிறாள், சுடப்படுகிறாள், சாகிறாள், மறுபடி எழுந்து நிற்கிறாள். மேலே கவிஞர் பெஸ்ஸோவா, எழுத்தாளர் ஜோனா ரஸ், இசைக்கலைஞர் சன் ரா ஆகியோரின் வரிகள் குரலாக ஓடுகின்றன. ஜெயிக்கிற ஆசையை விட்டவர் கண்ணுக்குத்தான் ஒரு விளையாட்டின் உள்ளே என்ன இருக்கிறதென்று படுகிறது.

கலைஞர் கோரி ஆர்கேஞ்சல் 2002-ல் ‘சூப்பர் மரியோ’ விளையாட்டின் கேசட்டைப் பிரித்து, சிப்பை மாற்றி, வெறும் மேகங்களை மட்டும் திரையில் ஓடவிட்டதும் இந்த வகைதான். மரியோவும் இல்லை, குழாயும் இல்லை. (அந்த விளையாட்டில் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. எத்தனை தடவை ஓடிக் கடந்திருப்போம்!) அழகான வேலை. ஆனால் லாரா செத்துச் செத்து எழுவதைப் பார்க்கையில் வருகிற வலி அதில் இல்லை.

அந்த வலியை இன்னொருவரிடம் பார்த்திருக்கிறேன். பரிசோதனைப் பட இயக்குநர் ஃபில் சாலமன், தன் நண்பர் மார்க் லாபோர் 2005-ல் இறந்தபின், ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டுக்குள் போய் அவர் நினைவாகப் படங்கள் எடுத்தார். அவற்றில் ஒன்றான ‘ரிஹர்சல்ஸ் ஃபார் ரிட்டயர்மெண்ட்’ 2007-ல் வந்தது. கார் திருடவும் சுடவும் கட்டிய ஊரில் ஒருவர் துக்கம் அனுசரித்திருக்கிறார்!

அவெஷ், சாலமன் இருவரும் தாங்களே ஆடினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. லாராவின் ஒவ்வொரு சாவிலும் அவெஷின் விரல் இருக்கிறது. வேறு யாரோ ஆடியதை வாங்கி வெட்டியிருந்தால், படம் நன்றாகவே வந்திருக்கலாம், இந்தக் கனம் வந்திருக்காது.