குழலில் வெட்டிய பெயர்

உங்கள் வீட்டுப் பழைய வெண்கலப் பானையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? கழுத்தோரம் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். எந்தப் பாட்டி சீராகக் கொண்டுவந்தது, எந்த வருஷம் என்று பானையே சொல்லிவிடும். துப்பாக்கியும் அப்படித்தான் பேசும் என்பதை நான் தெரிந்துகொண்டது 1974-ல், என் மாமனார் காலமான மறு மாதம்.

எங்கள் வீட்டுத் தேக்கு அலமாரியில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தின்போது கொள்ளுத் தாத்தா ஒரு புலியைச் சுட்டாராம். மெச்சிப்போன வெள்ளைக்காரக் கலெக்டர் தம் கையாலேயே அதைப் பரிசளித்தாராம். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது.

லைசென்ஸ் மாமனார் பெயரில். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, அவர் போன பிறகு அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். புது லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பது யார்? அங்கேதான் பிடித்தது சனி! "பரம்பரைச் சொத்து மூத்தவனுக்கு" என்றார் என் மைத்துனர். "அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவன் நான்" என்றார் என் கணவர். பதினாறு நாள் காரியத்தில் சேர்ந்து உட்கார்ந்த அண்ணன் தம்பி, ஒரு வாரமாகச் சேர்ந்து சாப்பிடவில்லை.

ஒப்படைக்கப் போனபோது, விண்ணப்பம் எழுத நானும் கடைக்குப் போனேன். அங்கிருந்த வயதான மிஸ்திரி, முதல் காரியமாகத் துப்பாக்கியை மடித்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லையென்று பார்த்துக்கொண்டார். பிறகு குழல்களைத் தனியே கழற்றி, அடியில் தட்டையாக இருந்த இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"படியுங்கள், அம்மா."

குட்டிக் குட்டிக் கிரீடங்கள்! ஒன்றின் கீழ் பி.பி., மற்றொன்றின் கீழ் பி.வி., இன்னொன்றின் கீழ் என்.பி. பக்கத்தில் ஒரு டைமன் கட்டத்துக்குள் 12, அதன் கீழே சி.

மிஸ்திரி விளக்கினார். இங்கிலாந்தில் துப்பாக்கியை விற்குமுன், வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். லண்டனில் ஒரு சோதனைச்சாலை. பர்மிங்ஹாமில் 1813 முதல் மற்றொன்று. பி.பி.யும் பி.வி.யும் பர்மிங்ஹாம் முத்திரைகள், 1904-ல் வந்தவை. அதற்கு முன் அங்கே கிரீடமும் குறுக்கே வைத்த இரு செங்கோல்களுந்தான். என்.பி. என்றால் புகையில்லாத மருந்துக்கும் தாங்கும் என்று பொருள். 12 என்பது குழலின் அளவு: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை குழலின் வாய்க்குச் சரியாக இருக்கும். 1925-க்குப் பிறகு தோட்டா அறையின் நீளத்தையும் அங்குலத்தில் குத்தினார்கள். இதில் அது இல்லை.

"ஆகவே 1904-க்கும் 1925-க்கும் நடுவில் பிறந்தது" என்று முடித்தார்.

"மேலே லண்டன் என்று போட்டிருக்கிறதே?" என்றார் மைத்துனர்.

"அது விற்ற கடையின் விலாசம், ஐயா. பிறந்த ஊரை அடியில்தான் பார்க்க வேண்டும்."

கொள்ளுத் தாத்தா காலமானது 1899-ல்! சகோதரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னோம். அவர் திடுக்கிடவில்லை.

"எனக்குத் தெரியாதா? 1938-ல் ஒரு ஜமீன் ஏலத்தில் உங்கள் அப்பா எடுத்தது. பணம் போதவில்லை. என் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். மீட்டுத் தருகிறேன் என்றார், முடியவில்லை. அந்த வெட்கத்தில் புலியும் கலெக்டரும் வந்தார்கள். ஊருக்கு முன் அவர் தலை நிமிர்ந்து நிற்கட்டுமே என்று நானும் தலையாட்டினேன்."

கூடத்தில் சத்தமே இல்லை. சற்றுப் பொறுத்து மைத்துனர், "அப்படியானால் அது உன்னுடையது, அம்மா. என்ன செய்யலாம், சொல்" என்றார்.

"விற்றுவிடுங்கள். இன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காருங்கள். அது போதும்."

துப்பாக்கி அந்தக் கடையிலேயே விலைபோயிற்று. வந்த பணத்தில் மெல்லிய ஒற்றை வடம்தான் வாங்க முடிந்தது. வேண்டாம் வேண்டாமென்று சொல்லிக்கொண்டே மாமியார் கழுத்தை நீட்டினார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பழம்பொருள்களையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். அடியில் வெட்டியிருப்பது உண்மையைச் சொல்லும். ஆனால் அங்கே வெட்டாமல் விட்ட பெயர் ஒன்றும் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் பெயராகவே இருக்கும்.