இரவல் லென்ஸும் மூடாத ஜிப்பும்

டக். டக். டொக்.

செஞ்சிக் கோட்டையில ராஜகிரி மலைப் படிக்கட்டு. மூணே மூணு சத்தம். முதல் ரெண்டு சத்தத்துக்கு தண்ணி பாட்டில்தான் விழுந்துடுச்சுன்னு நினைச்சேன். மூணாவதுல கொஞ்சம் கண்ணாடிச் சத்தமும் கலந்திருந்துச்சு. திரும்பிப் பார்த்தா, மூணு படி கீழே வெயில்ல மின்னிக்கிட்டு கிடக்குது 85 எம்.எம். லென்ஸ். என்னோடதா இருந்தாலாவது பரவாயில்ல. இரவல் மக்களே, இரவல்!

நடந்தது இதுதான். ராஜகிரி பாதி மலை ஏறினதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மலை அம்சமா தெரியும். அதை 85-ல எடுக்கணும்னு ஆசைப்பட்டு நண்பன்கிட்ட கெஞ்சி வாங்கிட்டுப் போயிருந்தேன். எடுத்தேன். நல்லாவே வந்துச்சு. லென்ஸைக் கழட்டி, மூடி போட்டு, பையில வச்சேன். பையைத் தூக்கித் தோள்ல மாட்டினேன். இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுல இன்னொரு வாக்கியம் இருந்திருக்கணும். "ஜிப்பை மூடினேன்."

பக்கத்துல மதில் மேல ஒரு குரங்கு உக்காந்து நடந்ததை எல்லாம் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இந்தக் குரங்கை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

கேமரா கீழே விழறது என்னவோ போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கும்போது கை நழுவித்தான்னு நினைச்சிருந்தேன். எடுக்கும்போது நாம ரொம்ப உஷாரா இருப்போம்ங்க. கழுத்துல பட்டை, ரெண்டு கையும் மேல. விழறதெல்லாம் எடுத்து முடிச்சு, "அப்பாடா"ன்னு கிளம்பற நேரத்துலதான். திறந்த பை, மேஜை ஓரத்துல தொங்கற பட்டை, சரியா இறுக்காத டிரைபாட் திருகு, இப்படி. மைக்கேல் காலின்ஸ்னு ஒருத்தர், அப்பல்லோ 11-ல நிலாவுல இறங்காம மேலயே சுத்திக்கிட்டு இருந்தாரே, அவரேதான். அதுக்கு முன்னாடி 1966 ஜூலையில ஜெமினி 10 பயணத்துல விண்வெளியில நடக்கும்போது ஹேசல்பிளாட் கேமராவைத் தவற விட்டவர். ஆனா அவருக்கு ஒரு வசதி, அது விழல. மிதந்து போயிடுச்சு. 'டொக்' சத்தம் கேக்கல பாருங்க, குடுத்து வச்ச மனுஷன் :-)

படியிலயே உக்காந்து பார்த்தேன். முன்னாடி மாட்டியிருந்த யூவி ஃபில்டர் சிலந்தி வலை மாதிரி விரிஞ்சு போச்சு. அதோட வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்துச்சு. காது பக்கத்துல வச்சு மெதுவா ஆட்டினேன், உள்ள ஒண்ணும் கலகலக்கல. (கை நடுக்கத்தை சரி பண்ற வசதி உள்ள லென்ஸ்னா, விழாமலே லேசா கலகலங்கும், அதைக் கேட்டு யாரும் மயக்கம் போட வேணாம். இதுல அந்த வசதி கிடையாது.) ஃபோகஸ் வளையம் சுத்துச்சு. கேமராவுல மாட்டினா இறுக்கமா உக்காந்துச்சு, ஆட்டம் இல்ல.

இறங்கி வந்து பஸ்ல உக்காந்ததும் இஞ்சினியர் புத்தி கணக்குப் போட ஆரம்பிச்சுடுச்சு. ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். மணிக்கு 16 கிலோமீட்டர், சைக்கிள் வேகம்தான். பயப்பட வேண்டியது வேகத்தைப் பார்த்து இல்ல, எவ்வளவு தூரத்துல நிக்குதுங்கறதைப் பார்த்து. விழுந்த உயரத்தை, நசுங்கி நின்ன தூரத்தால வகுத்தா போதும், எடையைப் போல எத்தனை மடங்கு விசைன்னு உத்தேசமா வந்துடும். புல்தரையில 5 சென்டிமீட்டர் அமுங்கி நின்னா 20 மடங்கு. செஞ்சிக் கருங்கல் எங்க அமுங்கப் போகுது? ஃபில்டர் வளையம் நசுங்கின 2 மில்லிமீட்டர்தான் கணக்கு. 500 மடங்கு. லென்ஸ் எடை 425 கிராம். அதாவது ஒரு கணம் 200 கிலோவுக்கு மேல அது தலையில ஏறி உக்காந்த மாதிரி. பஸ்ல இதைக் கண்டுபிடிச்சிருக்க வேணாம்னு தோணுச்சு.

"ஃபில்டர்தான் லென்ஸைக் காப்பாத்துச்சு"ன்னு நிறையப் பேர் சொல்லுவாங்க. எனக்கு அதுல பாதிதான் நம்பிக்கை. ஃபில்டர் கண்ணாடி மெல்லிசு, லேசா தட்டினாலே உடையும். அது உடைஞ்சதுங்கறதுக்காக, அது இல்லேன்னா லென்ஸ் உடைஞ்சிருக்கும்னு அர்த்தம் இல்ல. உடைஞ்ச சில்லு முன் கண்ணாடியைக் கீறினாலும் கீறும். ஆனா அந்த உலோக வளையம் நசுங்கி அடியில கொஞ்சத்தை வாங்கிக்கிச்சு, அதை ஒத்துக்கறேன்.

வீட்டுக்கு வந்து லென்ஸைக் கவுத்துப் பிடிச்சு, சில்லை எல்லாம் பிரஷ்ஷால தட்டி விட்டேன். வளையம் மட்டும் கழல மாட்டேங்குது. நான் முக்கறதைப் பார்த்துட்டு அம்மா வந்தாங்க. ஒரு அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுத்திப் போட்டு, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகற மாதிரி ஒரே திருகு. வந்துடுச்சு. நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவன் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன்.

"யார் பொருள்டா?"

"ஃப்ரெண்டோடதும்மா. இரவல்."

அம்மா ஒண்ணும் திட்டல. "வெறுமனே திருப்பிக் குடுக்காத"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. பக்கத்து வீட்டுல வாங்கின கிண்ணத்தைக்கூட ரெண்டு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்பித் தருவாங்க எங்க வீட்டுல.

மறுநாள் காலையில மொட்டை மாடி. எதிர்ல பூசாத செங்கல் சுவர். டிரைபாட் போட்டு சுவருக்கு நேரா வச்சு, எஃப் 1.8-ல ஒண்ணு, 2.8, 4, 5.6, 8-ன்னு வரிசையா எடுத்தேன். கம்ப்யூட்டர்ல முழுசா பெருசாக்கி நாலு மூலையையும் பார்த்தேன். மூணு மூலையில செங்கல் மேல இருக்கற பொட்டு வரைக்கும் எண்ணலாம். கீழ் வலது மூலையில மட்டும் செங்கல், செங்கல் மாதிரி ஒரு ஞாபகம்.

ஒருவேளை கேமராவை நான் கோணலா வச்சிருக்கலாமே? கேமராவை அப்படியே தலைகீழா மாட்டி மறுபடி எடுத்தேன். தப்பு சுவர்லயோ நான் வச்ச கோணத்துலயோ இருந்தா, மங்கல் படத்தோட எதிர் மூலைக்குத் தாவணும். தாவல. அதே கீழ் வலது. ஆபீஸ்ல 'பக்'கை ரீப்ரொட்யூஸ் பண்ணிட்டா ஒரு சந்தோஷம் வரும், இங்க வயித்தைக் கலக்குச்சு. உள்ள ஏதோ ஒரு கண்ணாடி ஒரு மயிரிழை சாஞ்சிருக்கு. வெளியில பார்த்தா ஒரு கீறல் கிடையாது.

எஃப் 8-ல அந்த மூலையும் பளிச்சுன்னு இருந்துச்சு. துவாரம் சின்னதானா இந்த மாதிரிக் கோணல் எல்லாம் மறைஞ்சுடும். என் புத்தி கெட்ட வேலை பார்க்க ஆரம்பிச்சது அப்பதான். நண்பன் எடுக்கறது எல்லாம் அவன் பொண்ணை. முகம் நடுவுல இருக்கும், பின்னாடி எல்லாம் எப்படியும் மங்கல்தான். ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டான். புது ஃபில்டரைப் போட்டுக் குடுத்தா வேலை முடிஞ்சுது. அப்படியே கண்டுபிடிச்சாலும், குரங்கு இருக்கே! "பையை இழுத்துடுச்சு மச்சான், தள்ளி விட்டுடுச்சு." செஞ்சிக்குப் போனவன் எவனும் இதை நம்பாம இருக்க மாட்டான். ரெண்டு நாள் அந்தக் குரங்குக் கதையை மனசுல நகாசு வேலை பண்ணிக்கிட்டே இருந்தேன். குரங்கு சாப்பிட்ட பிஸ்கட் பேர் வரைக்கும் முடிவு பண்ணியாச்சு.

ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். லென்ஸோட புது ஃபில்டர் டப்பாவும் கையில. அதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிஞ்சு போச்சு. லென்ஸை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு ஒரு சுத்து சுத்திப் பார்த்தான்.

"எப்படிடா?"

குரங்கு தொண்டை வரைக்கும் வந்துச்சு. அவன் பொண்ணு வேற காலைக் கட்டிக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறா. அவ பொறந்த வாரம் வாங்கின லென்ஸ் அது.

"ஜிப்பை மூடலடா."

ஒண்ணும் பேசல. அவன் வீட்டுக்காரம்மா காபி கொண்டாந்து வச்சுட்டு, ரெண்டு பேர் மூஞ்சியையும் பார்த்துட்டு உள்ள போயிட்டாங்க. செங்கல் சுவர் கதையைச் சொன்னேன். புதுசு வாங்கித் தர்றேன், இதை நான் வச்சுக்கறேன்னேன். பிரிச்சு சரி பண்ணலாம், செலவு என்னோடதுன்னேன். சம்பளத்துல கொஞ்சம் இடிக்கும்தான், இருந்தாலும் மனசாரத்தான் சொன்னேன்.

அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எந்த மூலை?"

"கீழ வலது."

"சரி, விடு. பிரிச்சா இருக்கறதும் கெட்டாலும் கெடும்"ன்னுட்டு உள்ள கொண்டுபோய் பீரோவுல வச்சுட்டான். ஃபில்டரை வாங்கிக்கிட்டான். காபி ஆறிப் போயிருந்துச்சு, குடிச்சுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் அவன்கிட்ட எதையும் கேக்கவே கூச்சமா இருந்துச்சு. அவனும் "எடுத்துட்டுப் போறியா?"ன்னு கேக்கல, முன்னாடி எல்லாம் அவனாவே கேப்பான்.

போன வாரம் பொண்ணோட பொறந்தநாள் படங்களை அனுப்பியிருந்தான். அதே லென்ஸ். கேக் வெட்டறா, பலூன் ஊதறா, தாத்தா மடியில உக்காந்திருக்கா. நல்லா எடுத்திருக்கான். மூணாவது தடவை பார்க்கும்போதுதான் கவனிச்சேன். எல்லாப் படத்துலயும் பொண்ணு இடது பக்கம்தான் இருக்கா. கீழ் வலது மூலையில பலூன் இல்லேன்னா மேஜைத் துணி, யாரோட முழங்கையோ.

முன்னாடி எல்லாம் நடுவுலதான் வச்சு எடுப்பான். தெரிஞ்சேதான் செய்யறானான்னு கேக்கலாம்னு போனைக் கையில எடுத்தேன். "படமெல்லாம் சூப்பர்டா"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டேன்.