கோடையில் வருவோர் காணாத நோய்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன் ஆகிய நான்கும் பொருந்தி அமைந்தால்தான் பிணி தீரும் என்பது அவர் கருத்து. இன்றைய உலகில் இந்நான்கோடு ஐந்தாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் நலவாழ்வுக் கொள்கை. எந்த ஊரில் மருத்துவமனை அமைவது, எந்த மாத்திரையை இலவசமாகக் கொடுப்பது, எந்த நஞ்சைக் கடையில் விற்கக் கூடாது என்பனவற்றை நோயாளியும் மருத்துவரும் முடிவு செய்வதில்லை. அரசு முடிவு செய்கின்றது. அவ்வாறு முடிவு செய்ய, யாரோ சிலர் கணக்கெடுத்து அரசுக்குச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அந்தச் சிலருள் நம்மைப் போன்றோருக்கும் இடம் உண்டா? இதுவே என் வினா.

இவ்வினா என்னுள் எழக் காரணம் ஓர் அறிவிப்பு. நலவாழ்வுக் கொள்கையில் ஆராய்ச்சி செய்ய விரும்புவோருக்குக் கோடை விடுமுறையில் உதவித்தொகை அளிப்பதாகவும், பட்டமேற்படிப்பு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. இளநிலை மாணவர்க்கு இத்தகைய வாய்ப்பு உண்டா என்று எங்கள் துறை அம்மாவிடம் கேட்டேன். “நீயே தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்” என்றார்கள். தேடினேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979ஆம் ஆண்டு முதல் இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கி வருகின்றது. அது மருத்துவம், பல் மருத்துவம் பயில்வோருக்கு உரியது. தமிழக அரசு 2022இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கிற்று. தேர்வு பெறுவோர் இரண்டு ஆண்டுகள் அரசுத் துறைகளோடு இணைந்து பணியாற்றுவர். அதற்குத் தொழிற்கல்வியில் முதல் வகுப்புப் பட்டமோ, கலை அறிவியல் பிரிவில் முதல் வகுப்பு முதுநிலைப் பட்டமோ வேண்டும். புது தில்லி நிதி ஆயோக்கின் பயிற்சித் திட்டத்தில் இரண்டாம் ஆண்டு முடித்த இளநிலை மாணவரும் சேரலாம்; பன்னிரண்டாம் வகுப்பில் 85 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; குறைந்தது ஆறு வாரம் பணியாற்ற வேண்டும். என் மதிப்பெண் அதற்குப் போதும். ஆனால் அங்கே ஊதியம் கிடையாது. தில்லியில் ஆறு வாரம் தங்கி உண்ணும் செலவு எங்கள் வீட்டில் பல மாதத்துச் செலவு!

இவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கத்தான் செய்யும். ஆயினும், ஆராய்ச்சி என்றால் அது எங்கோ தொலைவில், படித்து முடித்தவர் செய்யும் செயல் என்ற எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றிவிடக் கூடாது. கணக்கெடுப்பின் வலிமையைக் காட்ட மூன்று சான்றுகள் போதும்.

முதற்சான்று சென்னையில் நிகழ்ந்தது. அக்காலத்தில் காசநோய் என்றால் நோயாளியை வீட்டினின்று பிரித்து, தனி மருத்துவமனையில் பல மாதங்கள் படுக்க வைப்பதே முறை. நாடெங்கும் இருந்த நோயாளிகளுக்கோ படுக்கைகள் போதவில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நகரின் ஏழை நோயாளிகளுள் ஒரு சாராருக்கு மருத்துவமனையிலும், மறு சாராருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். நெருக்கடியான வீடு, குறைவான உணவு. இருந்தும், ஒழுங்காக மருந்துண்டால் வீட்டிலேயே ஏறத்தாழ அதே அளவு குணம் கிடைக்கின்றது என்று 1959இல் முடிவு வெளிவந்தது. உலக நாடுகளின் காசநோய்க் கொள்கையே அதனால் மாறிற்று.

இரண்டாவது, அண்டையிலுள்ள இலங்கை. கொடிய பூச்சிக்கொல்லிகளால் அங்கே தற்கொலைகள் மிகுந்திருந்தன. எந்த நஞ்சு எத்தனை உயிரைக் குடிக்கின்றது என்று மருத்துவமனைக் கணக்குகளை வைத்து ஆராய்ந்தனர். 1995இல் மிகக் கொடிய வகைகளும், 1998இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை என்றும் ஆய்வாளர் கண்டனர்.

மூன்றாவது நம் மாவட்டத்துச் சான்று. அனைவருக்கும் நலவாழ்வு என்னும் திட்டத்தை 2017இல் தமிழகம் மூன்று ஒன்றியங்களில் சோதித்துப் பார்த்தது. சூளகிரி, விராலிமலை ஆகியவற்றோடு மூன்றாவதாக அமைந்தது நம் வேப்பூர்! துணைச் சுகாதார நிலையங்களில் செவிலியரையும் மருந்துகளையும் கூடுதலாக்கி, அதனால் மக்கள் நிலை எவ்வாறு மாறுகின்றது என்பதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தனர்.

இனி என் ஊருக்கு வருகின்றேன். எறையூர் என்றதும் பலருக்குச் சர்க்கரை ஆலை நினைவுக்கு வரும். 2022க்குப் பின் சிப்காட் காலணித் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். ஆனால் சுற்றுப்புறக் கரிசல் நிலங்களில் பெரும்பாலோர் வயிற்றைக் கழுவுவது பருத்தியாலும் மக்காச்சோளத்தாலும்தான். என் தந்தை பருத்திக்கு மருந்தடிக்கும் கூலித் தொழிலாளி. என் தாய் அவருக்குத் தண்ணீர் சுமந்து, மருந்து கலக்கிக் கொடுப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவள் நான் ஒருத்தியே.

எங்கள் ஊர்ப் பேச்சில் காய்ச்சலுக்கு உண்பதும் மருந்து. பூச்சியைக் கொல்வதும் மருந்து. ஒரு சொல்லில் இரு பொருள்! நஞ்சு என்று யாரும் சொல்வதில்லை. டேங்க் கணக்கில் கூலி என்பதால் விரைந்து அடித்தால்தான் வருமானம். ஐப்பசியில் செடி மார்பளவு நிற்கும். அடிக்கும் புகை முகத்திலேயே படியும். துண்டுதான் முகமூடி. மாலையில் வீடு திரும்பினால் தலைசுற்றல், குமட்டல், கண்ணெரிச்சல். மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக் கொள்வார். மறுநாள் மீண்டும் டேங்க் முதுகில் ஏறும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை இரவு அவருக்கு வாந்தி நிற்கவில்லை. உடல் வியர்வையில் நனைந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பிழைத்துக் கொண்டார். சீட்டில் ‘வாந்தி, மயக்கம்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. பகலில் என்ன வேலை செய்தார் என்று எவரும் கேட்கவில்லை. வேதியியல் பயிலத் தொடங்கிய பின்னரே எனக்கு அதன் பொருள் விளங்கிற்று. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் நரம்பிலுள்ள அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. வியர்வையும் வாந்தியும் கண்மணி சுருங்குவதும் அதன் அடையாளங்கள். அட்ரோபின் கொடுத்து உயிரைக் காக்கலாம். ஆனால் ‘வாந்தி’ என்று எழுதப்பட்ட நோய், மாவட்டக் கணக்கில் வாந்தியாகவே சேரும். கணக்கில் இல்லாத நோய்க்குக் கொள்கையும் இராது!

2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தோருள் சிலர் உயிரிழந்த செய்தி நாளேடுகளில் வந்தது. உயிர் போனதால் அது செய்தியாயிற்று. உயிர் போகாமல் ஆண்டுதோறும் தலைசுற்றிப் படுப்போரை யார் எண்ணுவது?

இங்கேதான் கோடைகால உதவித்தொகையைப் பற்றிய என் எண்ணம் வேறு திசையில் திரும்பிற்று. எனக்கே அந்த வாய்ப்பு கிடைத்து, வைகாசியில் எறையூருக்கு ஆய்வு செய்ய வந்தால் என்ன காண்பேன்? வெடித்த கரிசல், வெறும் நிலம், மூலையில் கவிழ்த்து வைத்த தெளிப்பான். ஆவணியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகையில் மருந்தடிக்கும் ஊரில், அந்நோய் கோடையில் கண்ணுக்குத் தெரியாது. தில்லியிலிருந்து எவ்வளவு பெரிய அறிஞர் வந்தாலும் இரண்டு மாதத்தில் அதைக் காண இயலாது. அந்தக் கார்த்திகையில் ஊரில் இருப்பவர் யார்? நாம்தான்! நாள்தோறும் கல்லூரிக்கு வந்து, மாலையில் அதே தெருவுக்குத் திரும்பும் நாம்தான்.

ஆகவே நம் பேராசிரியப் பெருமக்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமை ஒருமுறையேனும் ஐப்பசி, கார்த்திகையில் பருத்தி விளையும் ஊரில் நடத்தலாம். என்ன மருந்து, எத்தனை டேங்க், அன்று மாலை உடல்நிலை எப்படி என்ற மூன்று வினாக்களே போதும். தண்ணீர் சுமக்கும் பெண்களையும் மறவாமல் கேட்க வேண்டும்; மருந்தைக் கையால் தொடுபவர்கள் அவர்களும் அல்லவா? பெயரை எழுதாமல், அவரவர் இசைவு பெற்றுக் கேட்க வேண்டும். வேதியியல் மாணவர் மருந்தின் வகையைக் குறிக்கலாம். கணித மாணவர் கணக்கிடலாம். தமிழ் மாணவர் மக்கள் மொழியில் வினாக்களை அமைக்கலாம். முடிவை ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடமும் வேளாண்மை அலுவலரிடமும் ஒப்படைக்கலாம்.

இதை வீட்டில் சொன்னபோது என் தந்தை சிரித்தார். “ஏம்மா, இதெல்லாம் எழுதி என்னா ஆவப் போவுது? நான் டேங்க இறக்கி வெச்சா சோறு யாரு போடுவா?” என்றார். இரண்டாவது கேள்விக்கு இன்று என்னிடம் விடை இல்லை. முதற்கேள்விக்குச் சென்னைக் காசநோயாளிகளின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தாம் அடித்து முடித்த மருந்துப் புட்டி ஒன்றை எடுத்து வந்து, “இதுல என்னா போட்டிருக்கு, படி” என்றார். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. அடியில் சிவப்பு முக்கோணம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், அதன்பின் நீலம், பச்சை என்று விளக்கினேன். இத்தனை ஆண்டுகளாக அந்த முக்கோணத்தைக் கம்பெனியின் அடையாளம் என்றே எண்ணியிருந்ததாகச் சொன்னார்.

தோழர்களே! முதுநிலை முடித்துப் புத்தாய்வுத் திட்டத்திற்கும் விண்ணப்பிப்பேன். அந்த ஆசையை நான் கைவிடவில்லை. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முக்கோணத்தின் நிறத்தைப் பெற்றோருக்குச் சொல்லித் தர எந்த உதவித்தொகையும் வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது, “இன்று மருந்தடித்தார்” என்று முதல் வாக்கியமாகச் சொல்வதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் சீட்டில் ஏறினால், அது கணக்கில் ஏறும். வரும் ஐப்பசியில் என் தெருவில் அந்தக் கணக்கைத் தொடங்குகின்றேன். உங்கள் தெருவில் நீங்கள் தொடங்குங்கள்!